வயலின் செய்த கைகள்

நாலு கம்பியின் வரலாறு – 9

1953ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிப்சன் கம்பெனி தன் முதல் மின்சார பேஸ் கிதாரை வெளியிட்டது. வயலின் வடிவம். முகப்பலகையில், வயலினில் இருப்பதுபோலவே இருபுறமும் எஃப் எழுத்து வடிவத் துளைகள். விரலை விட்டுப் பாருங்கள், நுழையாது. அது துளையே இல்லை, கறுப்பு வண்ணத்தில் வரைந்த படம். உள்ளே வெற்றிடம் கிடையாது. உடல் முழுக்க மகாகனி மரம்.

மூன்று ஆண்டு கழித்து, 1956இல், ஜெர்மனியின் ஹோஃப்னர் கம்பெனி ஒரு பேஸ் கிதாரை ஃபிராங்ஃபர்ட் இசைக்கருவிக் கண்காட்சிக்குக் கொண்டுவந்தது. அதுவும் வயலின் வடிவம்தான். அதன் முகத்தில் துளையே கிடையாது. கெட்டி மரம் என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். விரல் முட்டியால் லேசாகத் தட்டினால் பானையைத் தட்டினாற்போல் ஒலிக்கும். உள்ளே முழுக்கக் காற்று.

துளை இருப்பது கெட்டி, துளை இல்லாதது பொள்ளல். பழைய ஹாலோ பாடி பேஸ் கிதார்களை அடையாளம் காணும் வேலையில் இறங்குபவர்கள் முதலில் தடுமாறுவது இந்த இடத்தில்தான். கண் சொல்வதை மட்டும் நம்பினால் இரண்டிலுமே ஏமாறுவோம்.

சென்ற அத்தியாயத்தில் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் ஊரில், லியோ ஃபெண்டரின் பட்டறையில் நின்றிருந்தோம். 1951இல் அவர் கொண்டுவந்த பிரிசிஷன் பேஸ், ஒரு கெட்டிப் பலகையில் நான்கு கம்பி கட்டிய கருவி. ரேடியோ பழுதுபார்த்துப் பழகிய மனிதர் அவர். ஒலியை மின்சாரம் பார்த்துக்கொள்ளும், மரம் கம்பியைத் தாங்கினால் போதும் என்று நினைத்தார். இந்த அத்தியாயத்தின் மனிதர்கள் அப்படி நினைக்கப் பழகாதவர்கள். பல தலைமுறைகளாக மரத்தை மெலிதாக இழைத்து, உள்ளே காற்றை அடைத்து, அந்தக் காற்றைப் பாடவைத்தவர்கள். அவர்கள் செய்த பேஸ் கிதாரில் இன்று நாம் அடையாளக் குறி என்று தேடுகிற ஒவ்வொன்றும் அவர்கள் வாழ்க்கையில் நேர்ந்த ஏதோ ஒன்றின் தடயம். ஆகவே குறிகளுக்கு முன்னால் ஊரைப் பார்த்துவிடுவோம்.

பொஹீமியாவின் மேற்கு ஓரத்தில் ஷோன்பாக் என்றொரு சிற்றூர். இன்று செக் நாட்டில் லூபி என்ற பெயரில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு வயலின் வேலை நடந்த ஊர். ஒரு வீட்டில் கழுத்து செதுக்குவார்கள், அடுத்த வீட்டில் பிரடை கடைவார்கள், இன்னொரு வீட்டில் மெருகெண்ணெய் பூசுவார்கள். 1887இல் கார்ல் ஹோஃப்னர் இங்கே தன் தொழிலைத் தொடங்கினார். பின்னர் மகன்கள் ஜோசப், வால்டர் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். வயலின், செல்லோ, பெரிய டபுள் பேஸ், பிறகு கிதார் என்று தொழில் வளர்ந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியாவில் வாழ்ந்த ஜெர்மன் மொழிக்காரர்கள் சுமார் 30 லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். ஷோன்பாக் ஊரின் வயலின் குடும்பங்களும் அவர்களில் அடக்கம். வீடும் பட்டறையும், ஆண்டுக்கணக்கில் காயப்போட்டு வைத்திருந்த மரமும் அங்கேயே நின்றுவிட்டன. காய்ந்த மரம் கருவி செய்பவனுக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பது வீணை ஆசாரிகளைக் கேட்டால் தெரியும். தாத்தா வெட்டிப்போட்ட பலாமரத்தில் பேரன் குடம் குடைவான். அந்தச் சங்கிலி ஒரே நாளில் அறுந்தது.

பவேரியாவில் எர்லாங்கன் நகரத்தை ஒட்டி மோரென்டார்ஃப் என்ற ஊரில், போர்க்காலத்து மரக்கொட்டகைகளில் ஹோஃப்னர் சகோதரர்கள் மறுபடி தொடங்கினார்கள். பக்கத்தில் இருந்த புபன்ராய்ட் அப்போது நானூறு பேர் வாழ்ந்த விவசாயக் கிராமம். 1949இல் அந்தக் கிராமம் ஷோன்பாக் கைவினைஞர்களுக்கு இடம் கொடுக்க முடிவு செய்தது. தன் மக்கள்தொகையைப்போலப் பல மடங்கு அகதிகளைக் குடியேற்றிக்கொள்ள ஒரு கிராமம் ஒப்புக்கொண்டது. இசைக்கருவிகளின் வரலாற்றில் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் அது ஒன்று. சில ஆண்டுகளில் புபன்ராய்ட், கம்பி முறுக்குபவர் முதல் வில் செய்பவர் வரை எல்லோரும் இருந்த ஊராகிவிட்டது.

அந்த ஊரில்தான் 1955இல் வால்டர் ஹோஃப்னர் தன் 500/1 மாடலை வடிவமைத்தார். இனி அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்.

எடுத்தவுடன் வியப்பது அதன் எடை. ஃபெண்டர் பேஸ் ஏறத்தாழ நான்கு கிலோ. இது இரண்டரை கிலோவைத் தொடாது. முகம் ஸ்ப்ரூஸ் மரம், முதுகும் பக்கங்களும் மேப்பிள். வயலினுக்கு எந்த மரம் எங்கே போகுமோ அதே மரம் அங்கேயே போயிருக்கிறது. முகமும் முதுகும் வயலின்போலவே நடுவில் மெல்ல மேடிட்டிருக்கும். கழுத்து திருகாணியால் முடுக்கியதல்ல, பசையால் ஒட்டியது. பின்னாளில் ஜப்பானில் வந்த நகல்கள் பலவற்றில் கழுத்தின் அடியில் ஒரு உலோகத் தகடும் நான்கு திருகாணிகளும் தெரியும். சில நகல்களில் எஃப் வடிவத் துளையும் வெட்டியிருப்பார்கள். வயலின் வடிவத்துக்குத் துளை இருந்தே தீரவேண்டும் என்று நினைத்துச் செய்தது. அசல் 500/1இல் துளை கிடையாது. அது செய்தவர்களின் அனுபவம். பொள்ளலான கிதாரை ஒலிபெருக்கிக்கு முன்னால் நிறுத்தினால், ஒலிபெருக்கியின் ஓசை பெட்டிக்குள் புகுந்து, பெட்டி அதிர்ந்து, அந்த அதிர்வு மறுபடி பெருக்கிக்குப் போய் ஊளையிடத் தொடங்கும். துளையை மூடினால் அந்த ஊளை குறையும்.

அடுத்து பிரிட்ஜ். வீணையிலும் வயலினிலும் குதிரை என்கிறோமே, அதுதான். ஃபெண்டரில் அது உடலில் திருகப்பட்ட உலோகத் தகடு. ஹோஃப்னரில் கரிய மரத்தாலான சிறு குதிரை, முகப்பலகையின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பசையோ ஆணியோ கிடையாது. கம்பிகளின் அழுத்தம் ஒன்றே அதைப் பிடித்து நிறுத்துகிறது. நான்கு கம்பியையும் ஒரே சமயத்தில் கழற்றினால் குதிரை கையோடு வந்துவிடும். வயலின்காரர்களுக்கு இது பழக்கம். கிதார்காரர்கள் திகைத்துப்போவார்கள். அந்தக் குதிரையின் உச்சியில் இன்னும் அழகான ஒன்று இருக்கிறது. கம்பி உட்காரும் இடத்தில், குறுக்கே வெட்டிய சிறு பள்ளங்களில், கழுத்தில் சுரம் பிரிக்கும் ஃபிரெட் கம்பியின் நான்கு துண்டுகளைச் செருகியிருப்பார்கள். சுதி துல்லியமாக வரவேண்டுமானால் அந்தத் துண்டை ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்துக்கு மாற்ற வேண்டும். கழுத்தில் ஃபிரெட் அடித்தபோது மிஞ்சிய கம்பியையே இங்கே பயன்படுத்திக்கொண்டார்கள். எதையும் வீணாக்க வழியில்லாத பட்டறையின் புத்திசாலித்தனம் அது. அரை நூற்றாண்டுக் கருவியில் அந்த நான்கு துண்டும் இன்னும் இருந்தால் வைத்திருந்தவர் அக்கறையானவர் என்று கொள்ளலாம்.

கழுத்தின் உச்சியில் நட் என்ற பல்வரிசைக்கு அடுத்தே ஒரு ஃபிரெட் இருக்கும். சுழி ஃபிரெட் என்பார்கள். கம்பியின் நீளம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அங்கிருந்து பன்னிரண்டாவது ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். ஹோஃப்னரில் ஏறத்தாழ 30 அங்குலம் வரும். ஃபெண்டரில் 34. கிப்சனில் முப்பதரை. நகலை எதிரில் வைத்துக்கொண்டு சந்தேகப்படும்போது டேப்பைவிட நேர்மையான சாட்சி வேறில்லை.

முகப்பலகையில் இரண்டு வால்யூம் குமிழும் மூன்று சிறு சறுக்கு ஸ்விட்சுகளும் கொண்ட ஒரு பட்டை இருக்கும். ஸ்விட்சுகளில் ஒன்றின் மேல் ரிதம், சோலோ என்று எழுதியிருக்கும். பேஸ் கிதாரில் சோலோ எதற்கு என்று கேட்கத் தோன்றும். அதே பட்டையைத் தங்கள் மற்ற கிதார்களுக்கும் அவர்கள் போட்டார்கள். பேஸ் கிதாருக்கு என்று தனியாக ஒரு பழக்கமே அப்போது பிறந்திருக்கவில்லை.

காலத்தைக் கணிக்க இந்தப் பட்டை பெரிய உதவி. 1956 முதல் அந்தப் பத்தாண்டின் முடிவு வரை வந்தவற்றில் பட்டை முட்டை வடிவம். 1960களில் முத்துச்சிப்பிபோல் மினுங்கும் செவ்வகப் பட்டை வந்துவிட்டது. அடுத்தது, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகளின் இடம். முதல் ஆண்டுகளில் இரண்டு பிக்கப்பும் கழுத்தை ஒட்டி, ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே இருக்கும். கழுத்தோரம் கம்பி அகலமாக ஆடும் இடம், ஒலி கனமாக, உருண்டையாக வரும். டபுள் பேஸின் குரலை மட்டுமே நினைத்துச் செய்தவர்கள் அந்த இடத்தைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். 1962 வாக்கில் இரண்டாவது பிக்கப்பை நகர்த்திப் பிரிட்ஜின் அருகே வைத்தார்கள். அங்கே மேல் சுரங்கள் தூக்கலாகக் கேட்கும், ஒலி தெளியும், கூர்மைப்படும். அந்தச் சில அங்குல நகர்வில், பேஸ் கிதார் தன்னை டபுள் பேஸின் மாற்றாள் என்று நினைப்பதை நிறுத்துகிறது. நெருக்கமாக இரு பிக்கப் கொண்ட 1961ஆம் ஆண்டுக் கருவிகளை, லிவர்பூலின் நிலவறை அரங்கை நினைவுபடுத்தி, கேவர்ன் பேஸ் என்று இன்று அழைக்கிறார்கள்.

பிக்கப்பின் முகத்தையும் பார்க்க வேண்டும். சாய்சதுரக் கட்டத்துக்குள் கம்பெனிப் பெயர் இருந்தால் 1961ஐ ஒட்டிய காலம். நான்கு கம்பிக்கும் சேர்த்து நீளவாக்கில் ஒரே உலோகப் பட்டை தெரிந்தால் 1967க்குப் பிந்தையது. தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கில் கம்பெனிப் பெயர் மேலிருந்து கீழாக ஓடினால் 1960களின் தொடக்கம், குறுக்காக எழுதியிருந்தால் ஏறத்தாழ 1964 முதல். ஃபிரெட் பலகையின் விளிம்பில் வெள்ளைக் கரை ஓடினால் 1960களின் நடுப்பகுதிக்கு அப்பால். இவை எதுவும் அரசாணைபோல் ஒரே நாளில் மாறியவை அல்ல. அலமாரியில் பழைய பாகம் மிச்சம் இருந்தால் அதைத் தீர்த்துவிட்டுத்தான் புதியதைத் தொடுவார்கள். ஆகவே பழைய பட்டையும் புதிய பிக்கப்பும் ஒரே கருவியில் இருந்தால் உடனே போலி என்று தள்ளிவிடக் கூடாது. ஒரு குறியை மட்டும் வைத்து ஆண்டு சொல்பவரை நான் நம்புவதில்லை. நான்கைந்து குறிகள் ஒரே பக்கம் கைகாட்ட வேண்டும்.

அதே புபன்ராய்ட் வட்டாரத்தில் ஃபிரெட் வில்ஃபர் 1946இல் தொடங்கிய ஃபிராமஸ் கம்பெனியும் இருந்தது. ஷோன்பாக் மக்களை அங்கே கொண்டுவந்து சேர்க்க உழைத்தவர்களில் அவர் முக்கியமானவர். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் பில் வைமன் வாசித்த ஸ்டார் பேஸ் அவர்களுடையது. ஃபிராமஸை அடையாளம் காண முதுகுப்பக்கம் திருப்பினால் போதும். கழுத்து ஒரே மரம் அல்ல. மெல்லிய மரச்சீவல்கள் பலவற்றை அடுக்கி ஒட்டியது. கோடுகோடாகத் தெரியும். கருவியில் பொறித்த எண்ணின் கடைசியில் இரண்டு இலக்கமும் ஒரு எழுத்தும் வரும். இலக்கம் ஆண்டு, எழுத்து மாதம். ஏ என்றால் ஜனவரி, எல் என்றால் டிசம்பர். ஹோஃப்னர் இந்த ஒழுங்கைக் கைக்கொண்டிருந்தால் எத்தனை வாக்குவாதங்கள் மிச்சமாகியிருக்கும்!

இனி கடல் தாண்டுவோம். 1958இல் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த கிப்சன் தொழிற்சாலை ஈபி-2 என்ற பேஸை வெளியிட்டது. அதே ஆண்டில் வந்த ஈஎஸ்-335 கிதாரின் உடன்பிறப்பு. இந்த முறை எஃப் வடிவத் துளைகள் உண்மையானவை. ஒரு சிறு டார்ச்சை எடுத்து உள்ளே அடித்துப் பாருங்கள். இருபுறமும் சிறகுபோல் வெற்றிடம் இருக்கும். நடுவில், கழுத்திலிருந்து அடி வரை ஒரு கெட்டி மரக்கட்டை ஓடும். அதனால்தான் இதைச் செமி ஹாலோ என்கிறோம். ஊளையிடும் சிக்கலுக்கு ஹோஃப்னர் துளையை மூடி விடை கண்டது, கிப்சன் நடுவில் கட்டையை வைத்து விடை கண்டது.

டார்ச்சை அணைப்பதற்குள் இடப்புறத் துளைவழியே உள்ளே ஒட்டிய சீட்டையும் பார்த்துவிடுங்கள். ஆரஞ்சு நிற முட்டை வடிவச் சீட்டு என்றால் கிப்சன். நீலச் சீட்டு என்றால் அது எப்பிஃபோன் ரிவோலி. இரண்டும் ஒரே தொழிற்சாலையில், ஒரே ஆட்கள் செய்தவை. நியூயார்க்கில் கிரேக்கக் குடும்பம் ஒன்று நடத்திவந்த எப்பிஃபோனை 1957இல் கிப்சனின் தாய் நிறுவனம் வாங்கியது. எப்பிஃபோனின் டபுள் பேஸ் தொழிலுக்காகவே அதை வாங்க நினைத்தார்கள், கூடவே கிதார் அச்சுகளும் எந்திரங்களும் வந்து சேர்ந்தன. வாங்க நினைத்த டபுள் பேஸ் மெல்ல மங்கியது. அந்தப் பெயரில் பிறந்த மின்சார பேஸ் 1959 முதல் இங்கிலாந்து வரை போய், யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பால் சாம்வெல்-ஸ்மித் கையில் முழங்கியது.

ஈபி-2இன் முதல் ஆண்டுகளைக் கண்டுபிடிக்க ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் பாருங்கள். சுதி சேர்க்கும் காதுகள் பக்கவாட்டில் நீட்டாமல் பின்னோக்கி நீட்டியிருந்தால் அவை பேஞ்சோவுக்குப் போடும் வகை. 1960ஐ ஒட்டி அவை போய், வழக்கமான பக்கவாட்டுக் காதுகள் வந்தன. பிக்கப் மூடி தொடக்கத்தில் பிளாஸ்டிக், 1960களின் நடுவில் பளபளக்கும் உலோகம். பாரிடோன் என்ற அழுத்து பொத்தான் 1959இல் சேர்ந்தது. 1961இல் இந்த மாடலை நிறுத்தி 1964இல் மறுபடி கொண்டுவந்தார்கள். ஆகவே 1962ஆம் ஆண்டு ஈபி-2 என்று யாராவது விலை சொன்னால் இரண்டு முறை யோசிக்க வேண்டும். எண்ணைப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். 1960களில் கிப்சன் அதே எண்களைத் திரும்பத் திரும்பப் போட்டிருக்கிறது. ஒரே எண் மூன்று நான்கு ஆண்டு இடைவெளியில் இரண்டு கருவிகளில் இருப்பதுண்டு. ஹெட்ஸ்டாக் பின்னோக்கிச் சாயும் கோணம் 1966 வாக்கில் 17 பாகையிலிருந்து 14 ஆகக் குறைந்தது. 1970ஐ ஒட்டிக் கழுத்தும் ஹெட்ஸ்டாக்கும் சேரும் இடத்தில் ஒரு சிறு திமில் முளைத்தது, அங்கேதான் கழுத்து அதிகம் முறிந்தது என்பதால். எண்ணைவிட இந்த எலும்புக்கூடு நம்பத்தக்கது.

அமெரிக்கக் கருவி என்றால் இன்னொரு சாட்சி உண்டு. வால்யூம் குமிழுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். 137 என்று தொடங்கினால் சிடிஎஸ் கம்பெனி, 304 என்றால் ஸ்டாக்போல். அடுத்து வருவது ஆண்டு, கடைசி இரண்டு இலக்கம் வாரம். 1376633 என்றால் 1966ஆம் ஆண்டின் 33ஆவது வாரம். அந்தப் பாகம் பிறந்த நாள்தான் அது, கிதார் அதற்குப் பிறகுதான் பிறந்திருக்க முடியும். எவ்வளவு பிறகு என்பதை அது சொல்லாது.

இந்தக் காலத்து அமெரிக்கப் பட்டறைகள் சில இன்னும் டபுள் பேஸ்காரரின் மனத்தை விட்டு வெளியே வரவில்லை. தொடக்கத்தில் சொன்ன 1953ஆம் ஆண்டு கிப்சனின் அடியில் இழுத்து நீட்டக்கூடிய ஒரு உலோகக் கால் உண்டு. நின்றபடி, செங்குத்தாக வைத்து வாசித்துக்கொள்ளலாம். கிரெட்ஷ் கம்பெனி 1960களில் கொண்டுவந்த 6070 மாடலிலும் அப்படி ஒரு கால், அத்தோடு வரைந்த எஃப் துளைகள், முதுகில் ஒரு மெத்தை. இது உள்ளே பொள்ளலானது, கம்பி நீளம் 34 அங்குலம். பழைய கிரெட்ஷின் கால் பெரும்பாலும் தொலைந்திருக்கும், அது இருந்த துளை மட்டும் அடியில் இருக்கும். கயிறு மாட்டும் பொத்தானுக்கான துளையைவிட அது பெரியது. என்னைப் பொறுத்தவரை, தொலைந்த காலின் இந்தத் துளை, வாசித்தவன் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாறிய தருணத்தின் சுவடு.

சிகாகோவின் கே கம்பெனி 1952லேயே ஒரு பொள்ளல் பேஸை விற்றது. அதே கம்பெனியின் 1950களின் பிற்பகுதிக் கருவிகளில், பிளாஸ்டிக் பதித்த அகலமான ஹெட்ஸ்டாக் ஒன்று வரும். நம் வீடுகளிலும் ஒரு காலத்தில் நின்ற கெல்வினேட்டர் குளிர்பெட்டியின் முத்திரையை ஒத்திருப்பதால் அதற்குக் கெல்வினேட்டர் தலை என்றே பெயர். நியூ ஜெர்சியில் நேதன் டேனியல் நடத்திய டேன்எலெக்ட்ரோ இன்னும் எளிமை. ஒரு மரச்சட்டத்தின் இருபுறமும் ஹார்டுபோர்டு அட்டை, பக்கவாட்டில் ஒட்டிய வினைல் நாடா, பிக்கப்பாக உதட்டுச்சாயக் குழல். நான் மிகைப்படுத்தவில்லை, உதட்டுச்சாயம் அடைக்கச் செய்த அதே உலோகக் குழல்களை வாங்கி அதற்குள் காந்தத்தையும் கம்பிச்சுருளையும் வைத்தார். 1958இல் வந்த நீள்கொம்பு பேஸை நூறு அடி தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். ஏழைப் பிள்ளைகள் வாங்கக்கூடிய விலையில் வந்த இந்தக் கருவிகள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

1965இல் கில்ட் கம்பெனி ஸ்டார்ஃபயர் பேஸை வெளியிட்டபோது அதன் பிக்கப் சுவீடனின் ஆல்வ்டாலன் ஊரிலிருந்து, ஹாக்ஸ்ட்ரோம் கம்பெனியிடமிருந்து வந்தது. பைசோனிக் என்று பெயர். 1970 வாக்கில் கில்ட் தன் சொந்த ஹம்பக்கர் வகைப் பிக்கப்புக்கு மாறியது. பைசோனிக் இருந்தால் முந்தையது, விலையும் அதற்கேற்ப. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜெஃபர்சன் ஏர்பிளேன் குழுவின் ஜாக் கசாடியும், கிரேட்ஃபுல் டெட் குழுவின் ஃபில் லெஷும் இதை எடுத்து உள்ளே இருந்த மின்சுற்றையெல்லாம் பிரித்து மாற்றி அமைத்தார்கள். அதிலிருந்து அலெம்பிக் என்ற பட்டறை பிறந்த கதை தனி அத்தியாயம் கேட்கிறது, கொடுக்கத்தான் போகிறேன்.

பழையது என்று நம்பவைக்க எதையும் செய்வார்கள் என்பதால், மாற்ற முடியாதவை எவை என்று தெரிந்துகொள்வது நல்லது. பழைய நைட்ரோசெல்லுலோஸ் மெருகைப் புற ஊதா விளக்கில் காட்டினால் மங்கிய பச்சை மஞ்சளாக ஒளிரும். இடையில் தொட்டுப் பூசிய இடம் வேறு நிறத்தில் தனித்துத் தெரியும். அந்தக் காலத்து முத்துச்சிப்பிப் பட்டையும் விளிம்புக் கரையும் செல்லுலாய்டு. வயதானால் அது சுருங்கும், சில சமயம் நொறுங்கும். நொறுங்கும்போது வெளிவிடும் ஆவி பக்கத்தில் இருக்கும் உலோகத்தைத் துருப்பிடிக்கவைக்கும். முகப்பலகையைக் கீறலிலிருந்து காக்கும் பிக்கார்டின் அடியில் மட்டும் திருகாணி பச்சை பூத்திருந்தால் யாரோ வேலைமெனக்கெட்டுத் தயாரித்த முதுமை அல்ல அது.

இத்தனையும் எதற்காக என்றால், உலகிலேயே அதிகம் தேடப்பட்ட பேஸ் கிதார் திரும்பக் கிடைத்தபோது அதை உறுதிசெய்தது இந்த வகை அறிவுதான்.

1961இல் ஹாம்பர்க் நகரில் பீட்டில்ஸ் குழு வாசித்துக்கொண்டிருந்தது. பேஸ் வாசித்துவந்த ஸ்டூவர்ட் சட்கிளிஃப் ஓவியம் படிக்க விலகினார். அவரிடம் இருந்ததும் ஒரு ஹோஃப்னர்தான், 500/5 என்ற பெரிய உடல் கொண்டது. இடம் காலியானதும் பால் மெக்கார்ட்னி பேஸுக்கு வந்தார். ஃபெண்டர் விலை சுமார் 100 பவுண்டு, ஹோஃப்னர் சுமார் 30. மெக்கார்ட்னி இடக்கைக்காரர். வயலின் வடிவம் இரு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது என்பதும் அவருக்குப் பிடித்திருந்தது. ஸ்டைன்வே கடையில் 500/1 ஒன்றை வாங்கினார். பிக்கப்புகள் நெருக்கமாக இருந்த அந்த வகை. 1963இல் இன்னொன்று கிடைத்தது, அதில் பிக்கப்புகள் விலகியிருந்தன. 1969 ஜனவரியில் லண்டனில், பீட்டில்ஸ் குழுவைப் படம்பிடித்த மொட்டைமாடிக் கச்சேரியில் அவர் வாசித்தது இந்த இரண்டாவதை. அதன் முகத்தில் ஃபெண்டர் பெருக்கியின் பாஸ்மேன் என்ற ஒட்டுச்சீட்டு இருந்ததைப் படச்சுருளில் காணலாம்.

முதலாவது காணாமல் போனது. 1969 படப்பிடிப்பின்போது போனது என்றே பல ஆண்டுகள் நம்பினார்கள். ஹோஃப்னருக்காகப் பணியாற்றிய நிக் வாஸும், பத்திரிகையாளர்கள் ஸ்காட் ஜோன்ஸ், நவோமி ஜோன்ஸ் தம்பதியும் 2023இல் தேடலை ஊரறிய அறிவித்தார்கள். வந்து குவிந்த தகவல்களில் ஒன்று, 1972 அக்டோபரில் லண்டன் நாட்டிங் ஹில் பகுதியில் நிறுத்தியிருந்த வேனிலிருந்து அது திருடுபோனது என்றது. இங்கிலாந்தின் தென்கரையில், ஒரு வீட்டு மச்சில், அது கிடைத்தது.

உலகில் வயலின் பேஸ்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. மச்சில் கிடந்தது அதுதான் என்று எப்படி முடிவு செய்தார்கள்? இடக்கைக் கருவி. நெருக்கமான பிக்கப்புகள். 1961க்குரிய பாகங்கள். இவற்றோடு, தொழிற்சாலை அறியாத குறியும் ஒன்று. 1964இல் லண்டனில் அதைப் பழுதுபார்த்தபோது புதிதாக, முன்னைவிடக் கருமையான சன்பர்ஸ்ட் வண்ணம் பூசி, இரண்டு பிக்கப்பையும் ஒரே சட்டத்துக்குள் அடக்கியிருந்தார்கள். ஹோஃப்னர் பட்டறையின் வேலை அல்ல அது. அசலுக்கு மாறான வேலை என்று வேறொரு கருவியின் விலையைக் குறைத்திருக்கக்கூடிய அந்தப் பழுதுதான் இதன் பிறப்புச் சான்றாக நின்றது. ஹோஃப்னர் கம்பெனியே சோதித்து உறுதிசெய்தது. 2024 பிப்ரவரியில் செய்தி உலகுக்குத் தெரிந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 19ஆம் தேதி, லண்டன் ஓ2 அரங்கில், தன் 82ஆம் வயதில் மெக்கார்ட்னி அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடைக்கு வந்தார். ஐம்பது ஆண்டுக்கு மேல் அவர் மேடைக்குக் கொண்டுவராத கருவி. வெளிச்சம் அதன் முகத்தில் விழுந்தபோது இரண்டு பிக்கப்புகளும் கழுத்தோரமாக, ஒன்றையொன்று ஒட்டி நின்றன, 1961இல் புபன்ராய்ட் தொழிலாளி ஒருவர் அவற்றுக்கு இடம் வெட்டிய அதே இடத்தில்.

(தொடரும்)